மூச்சோடு நகரும் இலக்கு

கல்லீரலுக்கும் கதிர்வீச்சுக்கும் ஆகாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. அதில் நியாயமும் இருந்தது. கல்லீரல் முழுவதும் ஏறத்தாழ 30 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் கதிர்வீச்சைப் பெற்றால், சில வாரங்களிலோ மாதங்களிலோ வயிற்றில் நீர் கோத்து, கல்லீரலே செயலிழக்கக்கூடும். புற்றுநோய்க் கட்டியை அழிக்கவோ அதைவிடக் கூடுதல் அளவு தேவை.

இச்சிக்கலுக்கு வழிவிட்டது கல்லீரலின் இயல்புதான். ஒரு பகுதி பழுதானாலும் மற்றப் பகுதி வேலையை ஏற்றுக்கொள்ளும் உறுப்பு அது. எனவே, மூன்று அமர்வுகளில் முடியும் சிகிச்சையில், குறைந்தது 700 மில்லிலிட்டர் நல்ல கல்லீரலாவது 15 கிரேவுக்கும் குறைவாகவே பெறும்படி திட்டமிடுகிறார்கள். லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் கருவியில், வேகமூட்டப்பட்ட எலெக்ட்ரான்கள் டங்ஸ்டன் தகட்டில் மோதி எக்ஸ் கதிர்களாகின்றன. பல திசைகளிலிருந்து வரும் அக்கதிர்கள் தனித்தனியே வலுக்குறைந்தவை; கட்டியில் ஒன்றுசேரும்போதுதான் கடுமையாகின்றன.

ஆனால் அந்தக் கட்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. மூச்சை இயக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கீழே ஒட்டியிருப்பதால், ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் ஓரிரு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வருகிறது. மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்கும் சிகிச்சையில் இது பெருந்தொலைவு. ஆகவே மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கிருக்கிறது என்பதை முன்கூட்டியே ஸ்கேனில் பதிவு செய்கிறார்கள். சிலருக்குக் கட்டியருகே அரிசிமணியைவிடச் சிறிய தங்கத் துண்டுகளை அடையாளமாகப் பதிக்கிறார்கள்.

கோலாலம்பூரில் இச்சிகிச்சைக்குப் போகும் நம்மவர் ஒருவர், உடல் வாகுக்கேற்ப இறுகிய மெத்தையில் கைகளைத் தலைக்குமேல் உயர்த்திப் படுத்திருக்க, ஒலிபெருக்கியில் 'தாரிக் நாபாஸ்… தாஹான்' என்ற மலாய்க் குரல் வரும். மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டுமே கதிர் பாயும், விட்டதும் நின்றுவிடும். மூச்சடக்க இயலாத முதியவர்களுக்கு வயிற்றை இதமாக அழுத்தும் பட்டை கட்டுவதுண்டு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கல்லீரல் ஏற்கெனவே மிகவும் சுருங்கித் தழும்பேறியவர்களுக்கு, மிச்சமிருக்கும் நல்ல திசுவைப் பணயம் வைக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். அந்தத் தழும்புக்கு ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி முக்கியக் காரணம். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி போடப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சிகிச்சை முடிந்த சில வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் கட்டி அப்படியே தெரிவதைக் கண்டு குடும்பத்தினர் பதறுவது இயல்பு. கதிர்வீச்சு புற்றணுக்களின் மரபணு இழைகளை அறுக்கிறது. அந்த அணுக்கள் பெரும்பாலும் பிளவுபட முயலும்போதுதான் மடிகின்றன. அதனால் கட்டி சுருங்கப் பல மாதங்கள் ஆகலாம்.