முதுகுல ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி எலும்ப பாருங்க

இந்த வாரமும் ஒரு அம்மா எக்ஸ்ரே கவரோட வந்தாங்க. வேற ஆஸ்பத்திரில ஃப்யூஷன் (முதுகெலும்புகள ஸ்க்ரூ போட்டு ஒண்ணா ஒட்ட வெக்கற ஆபரேஷன்) பண்ணி ஒரு வருஷம் கூட ஆகல, உக்காந்து எந்திரிச்சா உயிர் போற வலி. படத்தப் பாத்தா முதுகெலும்போட அடியில எஸ்-1ங்கற எலும்புல இருக்கற ரெண்டு ஸ்க்ரூவையும் சுத்தி கருப்பா ஒரு கோடு. ஸ்க்ரூ உடையவும் இல்ல, வளையவும் இல்ல, புடிச்சிட்டிருந்த எலும்புதான் விட்டுடுச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி எலும்போட அடர்த்திய அளக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்தீங்களான்னு கேட்டா கூட வந்த மகன் சொல்றார், "எதுக்கு டாக்டர், ரத்தத்துல கால்சியம் நார்மல்னுதானே வந்துச்சு."

இத கேட்டு கேட்டு அலுத்துப்போச்சு. தயவுசெஞ்சு ஒரு தடவ பொறுமையா படிங்க. ரத்தத்துல இருக்கற கால்சியம் வேற, எலும்போட பலம் வேற. இதயம் துடிக்கவும் தசை நரம்பெல்லாம் வேல செய்யவும் ரத்த கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 8.5லேர்ந்து 10.5 மில்லிகிராமுக்குள்ள இருந்தே ஆகணும், உடம்பு அத எந்த விலை குடுத்தாவது அங்கயே நிறுத்தி வெச்சுக்கும். கொஞ்சம் கொறஞ்சா போதும், கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பியோட ஹார்மோன் எலும்புலேர்ந்து கால்சியத்த உருவி ரத்தத்துக்கு அனுப்பிடும். அதனால எலும்பு வருஷக்கணக்கா கரைஞ்சிட்டே இருக்கும், ரிப்போர்ட்ல மட்டும் நார்மல் நார்மல்னே வரும். சாதா எக்ஸ்ரேவையும் நம்பாதீங்க, சுமார் 30 சதவீதம் எலும்பு போனப்புறம்தான் அதுல கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது "டைட்டானியம் டாக்டர், ஆயுசுக்கும் தாங்கும்". டைட்டானியம் தாங்கும், உளுத்துப்போன மரத்துல முறுக்கினா எந்த ஸ்க்ரூ நிக்கும்? ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டுற வரைக்கும் அசையாம புடிச்சு வெக்கறதுதான் ஸ்க்ரூவோட வேலை, அதுக்கே ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும். நல்ல எலும்புல கடைசி சுத்துல டிரைவர் கைய எதிர்த்து இறுகும். மெலிஞ்ச எலும்புல அந்த இறுக்கமே வராது, வெண்ணெயில திருப்பற மாதிரி வழுக்கிட்டு போகும், அப்ப டேபிள்ல நின்னு கவலப்பட்டு என்ன பிரயோஜனம்.

டெக்ஸா எடுக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். டி-ஸ்கோர் (இளவயசு ஆரோக்கியமான எலும்போட ஒப்பிட்டு வர்ற எண்) மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். ஆனா தேஞ்சுபோன முதுகுல எலும்பு முள்ளு வளந்திருக்கும், பின்னாடி ஜாயிண்ட்டு தடிச்சிருக்கும், மெஷின் அதையும் சேத்து எண்ணி ஸ்கோர நல்லா காட்டிடும். அதனால இடுப்பு மூட்டு ஸ்கோரையும் பாருங்க, தேவப்பட்டா முன்கையும். ஆபரேஷனுக்குன்னு சிடி எடுத்திருந்தா அதுலயே கீழ்முதுகுல முதல்ல இருக்கற எல்-1 எலும்போட ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவ (சிடியில எலும்பு எவ்ளோ அடர்த்தின்னு காட்டற எண்) பாக்கலாம், 110க்கு கீழன்னா எலும்பு மெலிவ கண்டிப்பா சந்தேகப்படணும். இத பாக்க தனியா ஒரு ஸ்கேனும் வேண்டாம், பாக்க மனசு இருந்தா போதும்.

மாதவிடாய் நின்னவங்க, மாசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்க, லேசா விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சவங்க, வயசான ஆம்பளைங்களும்தான், எலும்ப அளக்காம தேதி குறிக்காதீங்க. வைட்டமின் டி கம்மியா இருந்தா சரி பண்ணுங்க. சிகரெட்ட விடுங்க, "கொறச்சுட்டேன்" கதையெல்லாம் வேண்டாம், நிக்கோடின் எலும்ப ஒட்டவே விடாது. எலும்பு ரொம்ப மோசம்னா டெரிபாரடைட் மாதிரி எலும்ப வளக்கற ஊசிய சில மாசம் முன்னாடியே ஆரம்பிச்சு ஆபரேஷனுக்கு அப்புறமும் தொடரலாம், எல்லாருக்கும் ஒத்துவராது, எலும்புக்கு ரேடியேஷன் எடுத்தவங்க அத முன்கூட்டியே சொல்லிடுங்க. சிமெண்ட் வெச்சு ஸ்க்ரூவ புடிக்க வெக்கலாம்தான், ஆனா அது ரத்தக்குழாய் வழியா நுரையீரலுக்கு போற ஆபத்தும் உண்டு, அத நம்பி அளக்காம விடறது சரியில்ல.

சில மாசம் வலியோட காத்திருங்கன்னு சொல்றது கஷ்டம்தான், எனக்கு புரியுது. ஆனா கழண்ட ஸ்க்ரூவ எடுத்துட்டு திரும்ப போடற ஆபரேஷன் முதல்ல பண்ணத விட பெருசு, எலும்பு அப்ப இன்னும் கம்மியாத்தான் இருக்கும். கால் பலம் திடீர்னு கொறஞ்சாலோ, ஒண்ணுக்கு கட்டுப்பாடு போனாலோ, உக்கார்ற எடம் மரத்துப்போனாலோ மட்டும் ஒரு நாளும் காத்திருக்காதீங்க, உடனே போங்க.

எலும்பு கரையறத தடுக்கற டெனோசுமாப் ஊசி போட்டுக்கறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவன்னா தேதி தவறாம போட்டுக்கோங்க. நீங்களா நிறுத்தினா எலும்பு வேகமா திரும்ப கரையும், முதுகெலும்பு ஒண்ணு மேல ஒண்ணா நொறுங்கறதும் உண்டு. நிறுத்தணும்னா டாக்டர்ட்ட கேட்டு வேற மருந்துக்கு மாறிட்டுத்தான் நிறுத்தணும்.