வேகம் கூடினால் கெப்பாசிட்டர் காலியாக இருக்க வேண்டும்

மின்சார வண்டியின் பேட்டரியில் உள்ள லித்தியம் அயன் செல் ஒரு கிலோவுக்கு 150 முதல் 250 வாட்-மணி வரை ஆற்றலைத் தேக்கும். மின்சாரத்தைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று தரும் சூப்பர் கெப்பாசிட்டரில் 5, 6 வாட்-மணி தேறினால் அதிகம். ஆனால் பிரேக் போட்டதும் மோட்டாரிலிருந்து சில நொடிகளில் திரும்பிவரும் மின்சாரத்தை அது அப்படியே வாங்கிக்கொள்ளும்; பல லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் தளராது. பயணத் தூரத்துக்குப் பேட்டரி, திடீர்த் தேவைக்குக் கெப்பாசிட்டர் என்று இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது இதனால்தான்.

நேரடியாக இணையாகக் கட்டிவிட்டால் போதாதா? போதாது. கெப்பாசிட்டரில் உள்ள ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. பேட்டரி 48-லிருந்து 44 வோல்ட்டுக்கு இறங்கும்போது, அதனோடு கட்டுண்ட கெப்பாசிட்டர் 16 சதவீதத்தைத்தான் வெளியே விடும். பாதி வோல்டேஜ் வரை இறங்கவிட்டால் 75 சதவீதம் கிடைக்கும். அதற்காகவே நடுவில் இருதிசை டிசி-டிசி கன்வெர்ட்டர்: வோல்டேஜை ஏற்றி இறக்கி மின்சாரத்தை இரு பக்கமும் விடும் சுற்று. பாதிக்கும் கீழே போவதில் லாபமில்லை: 10 கிலோவாட் எடுக்க 48 வோல்ட்டில் சுமார் 210 ஆம்பியர் போதும், 24 வோல்ட்டில் 420 வேண்டும். கன்வெர்ட்டரின் சுவிட்சுகள் சூடேறி, மீட்ட ஆற்றல் வெப்பமாகப் போய்விடும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 58 வாட்-மணி. பிரேக்கில் 70 சதவீதம் மீண்டால் 40. மூவாயிரம் ஃபாரட் கொள்ளளவுள்ள 2.7 வோல்ட் கெப்பாசிட்டர் செல்கள் பதினெட்டைத் தொடராக அடுக்கினால் 55 வாட்-மணி. அதில் முக்கால் பங்கு 41. ஏறக்குறைய சரியாகப் பொருந்துகிறது.

கட்டுப்பாட்டு மென்பொருள் மோட்டார் கேட்கும் திறனை லோ-பாஸ் ஃபில்ட்டரில் விட்டு இரண்டாகப் பிரிக்கிறது. மெதுவாக மாறும் பகுதி பேட்டரிக்கு, சட்டென்று எகிறும் பகுதி கெப்பாசிட்டருக்கு. இதோடு நிறுத்தினால் வண்டி தடுமாறும். கன்வெர்ட்டர் இழப்பால் கெப்பாசிட்டர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கைவிரித்துவிடும். அல்லது நிரம்பிய நிலையில் பிரேக் விழ, மொத்த மின்னோட்டமும் பேட்டரி மேல் பாயும். பேட்டரி செல் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் இது ஆபத்து. அதன் எதிர்மின் முனையான ஆனோடில் லித்தியம் உலோகமாகப் படியும்.

ஆகவே கெப்பாசிட்டர் எவ்வளவு நிறைந்திருக்க வேண்டும் என்ற இலக்கு, வண்டியின் வேகத்தைப் பார்த்து அமைய வேண்டும். வண்டி நிற்கும்போது கெப்பாசிட்டர் நிறைந்திருக்கட்டும். 60-ல் ஓடும்போது பாதி வோல்டேஜில் இருக்கட்டும். இலக்குக்கும் உண்மை அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பேட்டரி சிறு மின்னோட்டத்தால் நிதானமாக நிரப்பும். நீண்ட மலை இறக்கத்தில் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும்: வேகம் குறையாமலே ஆற்றல் வந்துகொண்டிருக்கும். கெப்பாசிட்டர் நிரம்பியதும் பேட்டரி தாங்கும் அளவுக்கு மேல் வருவதை உராய்வு பிரேக்குக்கு மாற்றியே ஆக வேண்டும்.

பொருத்தும்போது அடிக்கடி நேரும் கோளாறுகள் இரண்டு. தொடரில் உள்ள செல்கள் சமமாக நிரம்பாமல் ஏதோ ஒன்று 2.7 வோல்ட்டைத் தாண்டி உப்பிவிடும். ஒவ்வொரு செல்லுக்கும் சமன்செய்யும் சுற்று வேண்டும். இன்னொன்று, காலிக் கெப்பாசிட்டரை மின்தடை இல்லாமல் நேரே இணைப்பது. அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்தான். இணைப்புச் சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

60 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள காருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பிரேக்கில் வரும் 50 கிலோவாட்டை அதுவே சமாளிக்கும். சிறிய பேட்டரியோடு நின்று நின்று ஓடும் வண்டிகளில்தான் இது பலன் தரும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கல வாகனங்களில் பிரேக் ஆற்றலை மீட்க இப்படி ஒரு துணை கட்டாயம், ஏனெனில் எரிபொருள் மின்கலத்தால் பிரேக் ஆற்றலைத் திரும்ப வாங்க முடியாது. 2002-இல் வந்த ஹோண்டா எஃப்சிஎக்ஸ் அந்த வேலைக்குக் கெப்பாசிட்டரையே வைத்திருந்தது.