கடப்பாரை பக்கத்தில்தான் இருந்தது, டாக்டர்

"கடப்பாரை பக்கத்துலயேதான் சாஞ்சு கெடந்தது டாக்டர். அதை எடுத்து, முட்டுக் குடுக்க ஒரு கல்லைத் தேடி... அதுக்குள்ள அந்தப் பெரிய கல்லைக் கையாலேயே புரட்டிடலாம்னு பார்த்தேன்."

இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அறையில் இந்தப் பேச்சை நான் பல வடிவங்களில் கேட்டுவிட்டேன். கடப்பாரை என்ற இடத்தில் தள்ளுவண்டி வரும், சாய்வுப் பலகை வரும், சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வரும். கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஐந்து வாரம் நிமிர முடியாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. சில வருடங்களுக்கு முன்பு, பயிற்சிக்கு வைத்திருக்கும் இரும்பு எடைகள் நிறைந்த பெட்டியை அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்ற நினைத்தேன். அடியில் ஒரு பழைய போர்வையைப் போட்டு இழுத்திருந்தால் முடிந்திருக்கும். தூக்கினேன். தூக்கியதோடு விடாமல், தூக்கியபடியே இடுப்பைத் திருப்பினேன். அடுத்த இரண்டு வாரம், மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பயிற்சிகளை நானே தரையில் படுத்துச் செய்துகொண்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் உடம்பின் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் உடம்பே நெம்புகோல்களின் தொகுப்புதான். எலும்பு கோல், மூட்டு ஆதாரப் புள்ளி, இழுக்கிற விசை தசையுடையது. ஆனால் இந்த நெம்புகோல்களில் பெரும்பாலானவை பாரம் தூக்குவதற்கு நமக்கு நஷ்டமாக அமைந்தவை. முழங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கையின் முன்பக்கத் தசை, மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி முன்கை எலும்பில் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையோ 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. முழங்கையை மடக்கி, முன்கையைக் கிடையாக நிறுத்தி, உள்ளங்கையில் 5 கிலோவை வைத்தால், அந்தத் தசை ஏறக்குறைய 35 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடை தனிக்கணக்கு.

இந்த நஷ்டத்துக்கு ஒரு லாபமும் உண்டு. தசை 1 செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை 7 செ.மீ. நகர்ந்துவிடும். கல்லெறிவதற்கும் சட்டென்று கையை இழுத்துக்கொள்வதற்கும் இது அருமையான ஏற்பாடு. உடம்பு விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறது. (தாடை மட்டும் கொஞ்சம் சாமர்த்தியம். கடினமான கொட்டையை யாரும் சொல்லித் தராமலே கடைவாய்க்குத் தள்ளுகிறோம் இல்லையா? தாடை மூட்டுக்குப் பக்கத்தில் கடித்தால் விசை அதிகம் கிடைக்கும். கத்தரிக்கோலில் கெட்டியான அட்டையை ஆணிக்கு அருகே கொண்டுபோய் வெட்டுவதும் இதே காரணத்தால்தான்.)

இப்போது முதுகுக்கு வருவோம். இடுப்புப் பகுதியில் முதுகை நிமிர்த்தும் தசைகள், முதுகெலும்பின் சுழற்சி மையத்திலிருந்து வெறும் 5, 6 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. குனிந்து, கையை நீட்டி, 20 கிலோ பெட்டியை இடுப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். 50-ஐ 5-ஆல் வகுத்தால் 10. ஆக, பெட்டிக்காக மட்டுமே முதுகுத் தசை சுமார் 200 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் தலை, நெஞ்சு, கைகளின் பாரம் அதற்கு மேல். இந்த இழுவை அவ்வளவும் முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டுகளை, அதாவது எல்லோரும் 'டிஸ்க்' என்று சொல்வதை, அழுத்துகிறது. அதே பெட்டியை உடம்போடு ஒட்டி 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 100 கிலோவாகப் பாதி குறைந்துவிடும். பெட்டி அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் பாரம் தூக்குவதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லா நிலைமைகளும் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்பதுதான் அதன் உச்ச வரம்பு. பாரம் உடம்பிலிருந்து 25 செ.மீ.க்குப் பதிலாக 50 செ.மீ. தள்ளிப் போனால், வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு இறங்கிவிடும். அடிக்கடி தூக்கினால், உடம்பைத் திருப்பித் தூக்கினால் இன்னும் குறையும். 50 கிலோ மூட்டையை நாளெல்லாம் தூக்குகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் சிலரைத்தான் பிறகு நான் பார்க்கிறேன்.

எளிய இயந்திரங்கள் செய்வது, உடம்பு செய்த பேரத்தைத் தலைகீழாக்குவது. உடம்பு விசையை விட்டுத் தூரத்தை வாங்கியது. கடப்பாரையும் கப்பியும் தூரத்தை விட்டு விசையை வாங்குகின்றன. மொத்த வேலை குறைவதே இல்லை. விசை பாதியானால் தூரம் இரு மடங்கு ஆகும். சொல்லப்போனால் உராய்வால் கொஞ்சம் கூடுதலாகவே உழைக்க வேண்டியிருக்கும். இந்தக் கருவிகளால் இயற்கையை ஏமாற்ற முடியாது என்பதை 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கலிலியோ தெளிவாக விளக்கிவிட்டார். அப்படியானால் லாபம் எங்கே? தசை கிழிவதும் டிஸ்க் பிதுங்குவதும் மொத்த வேலையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த ஒரு கணத்தில் எவ்வளவு விசை விழுந்தது என்பதுதான் அங்கே முக்கியமான கணக்கு. 90 கிலோவை ஒரே மூச்சில் தூக்க முடியாத உடம்பு, 10 கிலோ விசையை ஒன்பது மடங்கு தூரத்துக்கு நிதானமாகக் கொடுத்துவிடும்.

90, 10 என்பது சும்மா சொன்ன எண் அல்ல. 150 செ.மீ. நீளக் கடப்பாரையில், பாரத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி முட்டுக் கொடுங்கள். கைப்பக்கம் 135 செ.மீ. மிச்சம். 135-ஐ 15-ஆல் வகுத்தால் 9. பாரம் 3 செ.மீ. எழும்ப, கை 27 செ.மீ. கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். கல்லையோ அலமாரியையோ ஒரு பக்கம் மட்டும் எழுப்பினால் மறுபக்கத்தைத் தரை தாங்கிக்கொள்ளும், எனவே இன்னும் சுலபம். ஆனால் நான் கவனித்த தவறு ஒன்று உண்டு. கடப்பாரையின் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டு, 'இதுல ஒண்ணும் பிரயோஜனம் இல்ல' என்பார்கள். நடுவில் வைத்தால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. பிரயோஜனம் எப்படி இருக்கும்? முட்டு பாரத்தை ஒட்டி இருக்க வேண்டும். உருண்டைக் கல்லை முட்டாக வைக்காதீர்கள், நழுவினால் விரல் போய்விடும். எழும்பிய இடைவெளியில் கட்டையைச் செருகிய பிறகுதான் அடுத்த நெம்பு. கட்டையைச் செருகும்போதும் விரல் உள்ளே போகக் கூடாது.

கடப்பாரையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், கீழ்நோக்கி அழுத்துகிறோம் என்பது. அழுத்தும்போது நம் உடல் எடையே நமக்காக உழைக்கிறது, முதுகு வளைந்து இழுக்க வேண்டியதில்லை. நிலையான ஒற்றைக் கப்பியின் பயனும் இதுவேதான். அது விசையைக் கடுகளவும் குறைப்பதில்லை. 40 கிலோ வாளியைத் தூக்க 40 கிலோவுக்குத்தான் இழுக்க வேண்டும். திசை மட்டும் மாறுகிறது. விசை குறைய வேண்டுமானால் பாரத்தோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்று வேண்டும். அப்போது பாதி விசை, இரு மடங்கு கயிறு.

கப்பி மாட்டும்போது பலரும் மறந்துவிடுகிற ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கப்பி தொங்கும் கொக்கியில் விழும் பாரம் வாளியின் எடை மட்டும் அல்ல. வாளி ஒரு பக்கம் 40 கிலோ, நீங்கள் மறுபக்கம் இழுக்கும் 40 கிலோ, ஆக 80. கீழே நின்று இழுக்கிறவர் வாளியின் எடையை நினைத்துக் கொக்கியைத் தேர்ந்தெடுத்திருப்பார். கொக்கி பிய்த்துக்கொண்டு வந்தால் அவர் நேராக அதற்குக் கீழேதான் நிற்பார். கப்பியில் இழுக்கிறவர் எப்போதும் பாரத்துக்கு நேர் கீழே இல்லாமல் விலகி நிற்க வேண்டும்.

சாய்வுப் பலகையில் கணக்கு எளிது: 60 செ.மீ. உயரத்துக்கு 300 செ.மீ. பலகை போட்டால், விசை ஐந்தில் ஒன்று. 100 கிலோ பீப்பாயை உருட்டி ஏற்ற 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் போதும். உருட்டாமல் பெட்டியாக இழுத்தால்? அங்கேதான் உராய்வு நம் காலை வாரும். கரடுமுரடான பலகையில் உராய்வுக் கெழு (பெட்டி பலகையை அழுத்துவதில் எத்தனை பங்கு உராய்வாகத் தடுக்கிறது என்பது) 0.5 என்று வைத்துக்கொண்டால், தேவைப்படும் விசை 70 கிலோவை நெருங்கிவிடும். பலகை மட்டும் போதாது, சக்கரமோ உருளையோ அதோடு சேர வேண்டும். உருண்டு வரக்கூடிய எதையும் கீழே நின்று தனியாளாகத் தள்ளி ஏற்றாதீர்கள். கை தவறினால் அது இறங்கி வருகிற பாதையில் நீங்கள்தான் இருப்பீர்கள். மேலிருந்து கயிற்றால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும், உருளாமல் தடுக்க ஆப்பு வேண்டும்.

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கும் இதே நெம்புகோல் கணக்குதான். சக்கரத்தின் அச்சிலிருந்து கைப்பிடி 120 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, உள்ளே 60 கிலோ மண். மண்ணின் கனம் அச்சிலிருந்து 40 செ.மீ.யில் விழுந்தால் கைக்கு 20 கிலோ வரும். அதே மண்ணைக் கைப்பிடிப் பக்கம் குவித்து, 60 செ.மீ.யில் விழ வைத்தால் 30 கிலோ. மண் கொட்டும்போதே முன்பக்கம் குவித்தால் போதும், செலவே இல்லாத வைத்தியம். டயரில் காற்றும் இருக்கட்டும்.

பிடியின் பருமனையும் சொல்ல வேண்டும். விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது, திருப்புளியின் பிடியைத் தடிமனாக்குங்கள், உருண்டைக் குழாய்த் திருகை நீட்டுப் பிடி உள்ளதாக மாற்றுங்கள் என்பதுதான். சக்கரமும் அச்சும் செய்கிற உதவி இது: பிடியின் ஆரம் இரு மடங்கானால் விரல் கொடுக்க வேண்டிய விசை பாதியாகிறது. ஸ்பேனரும் அப்படியே. நீளமானதை எடுத்தால் சுலபம், ஆனால் அதே சுலபம் போல்ட்டையும் முறித்துவிடும். கத்தி, கோடரி போன்றவை ஆப்பு வகை. மழுங்கிய ஆப்பால் வெட்டுகிறவருக்கு மணிக்கட்டு வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தீட்டுங்கள்.

வண்டி தூக்கும் திருகு ஜாக்கி மட்டும் தனி ரகம். 25 செ.மீ. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் கை ஏறக்குறைய 157 செ.மீ. போகிறது, பாரம் 5 மி.மீ. எழும்புகிறது. கணக்குப்படி 300 மடங்குக்கு மேல் லாபம். உராய்வு அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். தின்னட்டும். கையை எடுத்தாலும் ஜாக்கி தானாக இறங்காமல் நிற்பது அந்த உராய்வால்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், தாங்கு ஸ்டாண்ட் வைத்த பிறகு போகலாம்.

சரி, இதெல்லாம் கல்லும் மண்ணும் தூக்குகிறவர்களுக்குத்தானே என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். என்னிடம் முதுகுவலியோடு வருகிறவர்களில் இன்னொரு கூட்டம், படுக்கையில் இருக்கும் அப்பாவையோ மாமியாரையோ பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களிடம் கடப்பாரை இல்லை, ஆனால் நோயாளியின் காலே ஒரு நல்ல நெம்புகோல். படுத்திருப்பவரை உங்கள் பக்கம் திருப்ப வேண்டுமா? தோளையும் இடுப்பையும் பிடித்து இழுக்காதீர்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் முழங்காலை மடக்கி, பாதத்தைப் படுக்கையில் ஊன்ற வையுங்கள். அந்தப் பக்கக் கையை மார்பின் குறுக்கே போடுங்கள். பிறகு ஒரு கையை அந்த முழங்காலிலும் இன்னொரு கையைத் தோளிலும் வைத்து, மெதுவாக உங்கள் பக்கமாகச் சாய்த்துக் கொண்டுவாருங்கள். தொடையின் நீளம் முழுக்க நெம்புகோலாகி, இடுப்பு தானாகப் புரண்டு வரும். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர், எலும்பு முறிந்தவர், முதுகெலும்பில் அடிபட்டவர் என்றால் மட்டும் இதைச் செய்யாமல், சிகிச்சை செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலியிலிருந்து எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. தூக்குகிறவரின் முதுகும் போகும், தூக்கப்படுகிறவரின் தோளும் போகும். முதலில் அவரை இருக்கையின் விளிம்புக்கு நகர்த்துங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். 'மூக்கு கால்விரலுக்கு மேல வரட்டும்' என்று சொல்லி முன்னால் சாய வையுங்கள். உடலின் கனம் பாதத்துக்கு மேல் வந்துவிட்டால் பாதித் தூக்கல் முடிந்தது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, வழுவழுப்பான மாற்றுப் பலகை ஒன்று கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலம்போல் வைத்து நகர்த்துவது. எல்லாவற்றுக்கும் முன்னால் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடுங்கள். வெளியே சாய்தளம் கட்டுவதாக இருந்தால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. இடம் போதவில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிட்டால், தள்ளுகிறவர் அடுத்த நோயாளி.

ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கடப்பாரைக்காரர் மூன்றாவது வாரம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். அந்தப் பெரிய கல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவிதான் சொன்னார்.

"அன்னிக்கு சாயங்காலமே நானும் பொண்ணும் நகத்திட்டோம் டாக்டர். கடப்பாரை அங்கதானே கெடந்தது."