வளையல் மேலே ஏறும்போது கவனியுங்கள்

"அம்மாவுக்கு எடை குறையவே இல்லையே மேடம், அதே 58 கிலோதானே?" என்றார் மகள். சினைப்பைப் புற்றுநோய்க்கு இரண்டாவது சுற்று கீமோவுக்கு அம்மாவை அழைத்து வந்திருந்தார். வயிறு உப்பியிருந்தது, கால்களில் வீக்கம். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை தடையில்லாமல் ஏறின. கன்னப்பொறியில் குழி விழுந்திருந்தது. மறுநாள் வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள். ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ. அப்படியானால் 58 என்று காட்டிக்கொண்டிருந்த எடையில் ஐந்து கிலோ வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரோடு உடம்பின் புரதமும் வெளியே போகிறது.

உணவியல் நிபுணராக இந்த வார்டில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: சினைப்பைப் புற்றுநோயில் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தசை கரைவது அதில் தெரியாது. சங்கப் பாட்டில் தலைவியின் வளை நெகிழ்வது பிரிவுத்துயரால். இங்கே வளை நெகிழ்ந்தால் தசை போகிறது என்று பொருள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிவது, குக்கர் மூடியைத் திறக்க முடியாமல் போவது, தரையிலிருந்து எழக் கையூன்றுவது எல்லாம் அதே சேதிதான்.

சோதிக்கப் பெரிய செலவில்லை. கைப்பிடி வலுவை அளக்கும் கருவியில் ஆசியப் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே வந்தால் வலு குறைவு. கருவி இல்லையென்றால் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் பிடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நோய்க்காக ஏற்கெனவே எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே, இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்துவிடலாம். பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை என்பது என் வருத்தம். இன்னொன்று: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு, தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் அதுவும் குறைந்து, சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தின் அளவை அந்தக் கணக்கை வைத்தே தீர்மானிக்கிறார்கள். அதனால் மருந்து தேவைக்கு மேல் போய்விடலாம்.

அந்த அம்மா என்ன சாப்பிட்டார்? காலையில் இரண்டு இட்லி, மதியமும் இரவும் அரிசிக் கஞ்சி, நடுவில் இளநீர். முட்டையும் மீனும் சூடு, புண் ஆறாது என்று உறவினர்கள் நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் சேர்த்தாலும் பத்துப் பதினைந்து கிராம் புரதத்தைத் தாண்டாது. புற்றுநோயாளிக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வேண்டும். நீரைக் கழித்தால் 53 கிலோ இருக்கும் அவருக்குக் குறைந்தது 53 கிராம். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போட்டிருக்கிறோம். அன்பினால்தான் செய்தார்கள், அதனால் கோபிக்க மனம் வரவில்லை.

வயிற்றில் நீர் நிறைந்தால் இரைப்பை நசுங்கி, நாலு வாய்க்கே நிறைந்துவிடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுங்கள். கஞ்சியைத் தண்ணீரில் வைக்காமல் பாலில் வைத்து, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு கலக்கலாம். இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் சுமார் 18 கிராம் புரதம். "கவுச்சி வாடை தாங்கல" என்றால் முட்டையை ஆறவைத்துக் கொடுங்கள். சூடு தணிந்தால் வாடையும் தணியும். சைவர்களுக்குப் பருப்பு, தயிர், பன்னீர்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரலாம். அந்த நாட்களில் சுண்டலை விட்டுவிட்டுத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு, முட்டை, தயிர். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் புரத அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். வாந்தியோடு வயிறு உப்பி, வாயுவும் மலமும் போகாமல் நின்றால் எதையும் ஊட்டாதீர்கள். குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சாப்பாடு மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். "நோயாளி, படுத்தே இருக்கட்டும்" என்பது தசையை இன்னும் வேகமாகக் கரைக்கும். அந்த அம்மாவுக்கு மகள் பிடித்துக்கொள்ள, நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை சொல்லிக் கொடுத்தோம். பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தால் பாதம் மரத்திருந்ததால் தனியாகச் செய்ய விடவில்லை.

நான்காவது சுற்றுக்கு வந்தபோது கைப்பிடி வலு 13 கிலோவிலிருந்து 15 ஆகியிருந்தது. வளையல் இன்னும் முழங்கை வரை போகிறது. ஆனால் சக்கர நாற்காலியைக் கேட்காமல் நடந்தே வந்தார்.