கல்வெட்டில் 'இராசகேசரி' என்றிருந்தால் அது இராஜராஜன்தானா?

கோயில் சுவரில் 'கோராசகேசரிவர்மர்க்கு யாண்டு' (இராசகேசரி மன்னரின் ஆட்சியாண்டு) என்று வாசித்ததுமே 'இராஜராஜன் கல்வெட்டு' எனப் படத்தோடு பகிர்ந்துவிடுகிறார்கள். அது பெயர்ப்பலகையில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது பெரும்பாடு.

இராசகேசரி, பரகேசரி இரண்டும் ஆளின் பெயரல்ல. சோழர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், முதலாம் இராஜராஜன் எல்லோருமே இராசகேசரிதான். முதலாம் பராந்தகன், ஆதித்த கரிகாலன், உத்தம சோழன் ஆகியோர் பரகேசரி.

முதலில் பட்டத்துக்கு முன்னுள்ள அடைமொழியைப் பாருங்கள். 'மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி' பராந்தகன். 'பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' ஆதித்த கரிகாலன். அடைமொழி இல்லையென்றால் ஆட்சியாண்டுதான் துணை. முற்காலச் சோழர் எழுத்தில் பரகேசரிக்கு யாண்டு 35 என்றிருந்தால் பராந்தகனே. அவ்வளவு நீண்ட ஆட்சி மற்றப் பரகேசரிகளுக்கு இல்லை. சிறிய எண்களில்தான் தொல்லை. அதிலும் ௰௨ என்பது 12. முன்னுள்ள ௰ (பத்து) தேய்ந்துபோனால் 2 என்று படித்துவிடுவோம். ௨௰ என்பதோ 20. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கீறலும் நிழல் கட்டும். மாவோ எண்ணெயோ பூச வேண்டாம், கல் கெட்டுவிடும்.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டைப் பாருங்கள். அதில் இருப்பது இராசகேசரி, யாண்டு 2 மட்டுமே. இராஜராஜனின் 'திருமகள் போல' மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைப் பாடும் பகுதி) ஏறத்தாழ 8ஆம் ஆட்சியாண்டில்தான் தொடங்குகிறது. ஆகவே அது இல்லாதது வியப்பல்ல. சரி, ஏன் சுந்தர சோழனாக இருக்கக்கூடாது? 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை'க் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பற்றிப் பேசுகிறது அந்தக் கல். சுந்தர சோழனின் 2ஆம் ஆண்டில் அவர் மகன் ஆதித்தன் உயிரோடு இருந்தார். கொலைக்குப் பின் வந்த உத்தமனோ பரகேசரி. மிஞ்சுவது இராஜராஜன். செய்தியையும் பட்டத்தையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த விடை இது. (இந்தக் கரிகாலனைச் சங்ககாலக் கரிகாலனோடு குழப்புவோரும் உண்டு. இருவருக்கும் இடையே பல நூற்றாண்டுகள்.)

பெயரே எழுதியிருந்தாலும் அவசரப்படாதீர்கள். முதலாம் குலோத்துங்கன் 1070இல் பட்டமேறிய தொடக்க ஆண்டுகளில் 'இராஜேந்திர சோழன்' என்றே பொறித்திருக்கிறார். ஆனால் அவர் இராசகேசரி. கங்கை கொண்ட இராஜேந்திரன் பரகேசரி. அந்த ஒரு சொல்தான் காப்பாற்றுகிறது.

பாண்டியர் பக்கம் இன்னும் சிக்கல். சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்று பலர். ஒரே காலத்தில் ஆண்டவர்களும் உண்டு. மாதம், பட்சம், திதி, கிழமை, நாள்மீன் (நட்சத்திரம்) நான்கைந்தும் முழுதாகக் கிடைத்தால் பஞ்சாங்கக் கணக்குப் போட்டுத்தான் பிரிக்க முடியும். அந்த வரியை விட்டுவிட்டுப் படமெடுத்தால் யாராலும் உதவ முடியாது.

படமெடுக்கும்போது தொடக்கம் முதல் இறுதிவரை ஒவ்வொரு கல்லையும், கல்லிடுக்கோடு சேர்த்து எடுங்கள். திருப்பணியில் பிரித்துக் கட்டிய சுவர்களில் கற்கள் இடம் மாறியிருக்கும். பக்கத்துக் கல்லில் தொடர்வது வேறொரு மன்னனின் ஆணையாகவும் இருக்கலாம்.