முறைத்துப் பார்த்தால் டைப் ஆகும்

"சீன மொழியில் ஆயிரக்கணக்கில் எழுத்து இருக்கிறதே, மூளையால் டைப் செய்கிற கருவியில் அத்தனையையும் எப்படி அடைக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சீன அரசு 2013-இல் வெளியிட்ட பட்டியலிலேயே 8105 எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் அவற்றை யாரும் அடைப்பதில்லை. சீனர்கள் போனில் செய்வதுதான் இங்கேயும்: பின்யின், அதாவது ஒலியை ஆங்கில எழுத்தில் அடிப்பது. நாம் ஆங்கில எழுத்தில் 'அம்மா' அடித்துத் தமிழில் வரவழைப்பதில்லையா, அது மாதிரி. சிக்கல் என்னவென்றால், அங்கே ஒரே ஒலிக்கு ஏகப்பட்ட சொற்கள். 'ஷியென்' என்று ஆறு ஆங்கில எழுத்து அடித்தால் பரிசோதனையும் வரும், சத்தியப் பிரமாணமும் வரும், ஹூபெய் மாகாணத்து நகரம் ஒன்றும் வரும். நம்பர் போட்டு வரிசையாகக் காட்டும், வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக, 26 எழுத்தும் 10 எண்ணும் இருந்தால் வேலை முடிந்தது.

சரி, மூளையால் எப்படி அடிப்பது? பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு செய்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். திரையில் 40 கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் மினுக்கும். முதலாவது விநாடிக்கு 8 தடவை, அடுத்தது 8.2, இப்படி 0.2 கூட்டிக்கொண்டே போய் 15.8 வரை. எந்தக் கட்டத்தைப் பார்க்கிறோமோ அதன் தாளத்திலேயே பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதியும் மின் அலையை எழுப்பும். மண்டையைத் துளைக்க வேண்டாம், பசை தடவிய சில மின்முனைகள் போதும்.

இனிமேல்தான் வேடிக்கை. சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். விநாடிக்கு 10 மினுக்கல் என்றால் சுலபம், மூன்று படம் வெள்ளை, மூன்று படம் கறுப்பு. 8.2-க்கு? ஏழேகால் சொச்சம் படம் வேண்டும், அப்படி ஒன்று கிடையாது. அதனால் சட்டென்று அணைத்து ஏற்றாமல், வெளிச்சத்தை சைன் அலை மாதிரி ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அந்த நொடியில் அலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த அளவு சாம்பல் நிறம். புள்ளிகளைத்தான் காட்டுகிறோம், பின்மண்டை அதை அலையாகவே எடுத்துக்கொள்கிறது!

அடுத்த தலைவலி, 8-ஐயும் 8.2-ஐயும் பிரித்தறிவது. பள்ளியில் படித்த விம்மல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: வேகத்தில் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு அலைகள் சேர்ந்து, விலகி, மறுபடி சேர்வதுதான் ஒரு விம்மல். 0.2 வித்தியாசம் என்றால் ஒரு விம்மலுக்கே ஐந்து விநாடி. அரை விநாடியில் இரண்டு அலைகளும் பத்தில் ஒரு பங்கு சுற்றுதான் விலகியிருக்கும். அதனால் வேகத்தை மட்டும் நம்பாமல், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் அலைகளை வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்க விடுகிறார்கள். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வேகம் ஒன்றுதான், ஆனாலும் எது யார் உலக்கை என்ற குழப்பம் வராது. அப்புறம், ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த ஆளின் மூளை எப்படி ஆடுகிறது என்று முன்கூட்டியே பதிந்து வைத்து ஒப்பிடுவார்கள்.

2015-இல் இந்த முடிவு வெளியானது. அரை விநாடி பார்வை, அரை விநாடி கண்ணை நகர்த்த, ஆக நிமிடத்துக்கு 60 எழுத்து வரை. இதே குழு 2002-இல் 13 பட்டன் வைத்து போன் நம்பர் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் 13 வருஷம்! மூன்று வருஷத்தில் 'பயன்' காட்டச் சொல்லும் நிதிக் குழுக்களிடம் இதை யாராவது சொன்னால் தேவலை.

மனதில் நினைப்பதைப் படித்துவிடும் மெஷின் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். இதற்குத் தெரிவதெல்லாம் கண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும். அதனால்தான் கண்ணையே அசைக்க முடியாத நோயாளிக்கு இது உதவாது, மற்றவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் கண் எரியும், வலிப்பு உள்ள சிலருக்கு மினுக்கலே ஆபத்து.

இன்னொரு பாதையும் இருக்கிறது. மூளையின் மேலேயே மின்முனைகளை வைத்து, மாண்டரின் என்ற சீனப் பொதுமொழியைப் பேசும்போது வரும் தொனியையும் (குரல் ஏறி இறங்கும் விதம், அது மாறினால் சொல்லே மாறிவிடும்) சேர்த்துப் பிடித்ததாக ஷாங்காய் ஆய்வாளர்கள் 2023-இல் எழுதினார்கள். பின்யினில் டைப் அடிக்கும்போது கைவிட்டுவிடுவது இந்தத் தொனியைத்தான். அது கிடைத்தால் நம் ஷியென் வரிசையில் சத்தியப் பிரமாணம் தனியே போய்விடும். பரிசோதனைக்கும் அந்த ஹூபெய் நகரத்துக்கும் தொனியும் ஒன்றே, அங்கே மட்டும் மறுபடி நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.