கருணைக்கொலை: இரண்டு செயல்களுக்கு ஒரே பெயர்

தாயை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகாத ஒருவர், எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அண்டைக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) செபம் முடிந்து எல்லாரும் எழும் நேரத்தில், "அப்போ நாங்க அம்மாவைக் கருணைக்கொலைதானே பண்ணியிருக்கோம்?" என்று கேட்டார். அந்தத் தாய்க்கு எழுபத்தெட்டு வயது. மூளையில் பெரிய இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. இனி மீள வழியில்லை என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு, பிள்ளைகள் கூடிப் பேசி, செயற்கைச் சுவாசக் கருவியை எடுத்துவிடச் சம்மதித்தார்கள். அதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர் துக்க வீட்டில் வைத்தே 'கருணைக்கொலை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த உறவினரை நான் குறை சொல்லமாட்டேன். பல ஆண்டுகளாக நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் கற்றுக்கொடுத்த சொல்லைத்தான் அவரும் சொன்னார்.

'கருணைக்கொலை'க்கு மூலச்சொல் கிரேக்கத்தது. 'எவ்' என்றால் நல்ல, 'தானதோஸ்' என்றால் மரணம். இரண்டும் சேர்ந்ததே 'யூத்தனேசியா'. பேரரசர் அகுஸ்துஸ் வலியின்றி விரைவில் இறந்ததைச் சொல்லுமிடத்தில் உரோமை வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் இச்சொல்லை ஆள்கிறார். அங்கே கொலை என்ற பேச்சே இல்லை. எளிதாக வந்த சாவு என்பது மட்டுமே பொருள். மருத்துவர் ஒருவர் நோயாளியின் உயிரை வேண்டுமென்றே முடித்துவைப்பது என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அதன்மேல் ஏறியது.

தமிழுக்கு வரும்போது அது 'கருணைக்கொலை' ஆயிற்று. கருணையால் செய்யும் கொலை என்று விரியும் இத்தொகையை, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இலக்கணம் படித்தவர் சொல்வர். 'ஆல் செய்யும்' என்பது மறைந்து நிற்பதால், செய்தவர் தம் செயலுக்குத் தாமே சொல்லும் காரணம் அச்செயலின் பெயராகவே ஆகிவிடுகிறது. கருணை வடசொல் என்பது என் குறை அன்று. 'அருட்கொலை' என்று மாற்றினாலும் பிழை அப்படியே இருக்கும். இதே பிழையைத் தமிழர் ஒருமுறை திருத்தியும் இருக்கிறோம். சாதி மாறி மணந்த பிள்ளைகளைப் பெற்றோரும் உற்றாரும் கொன்றபோது முதலில் 'கௌரவக்கொலை' என்றே எழுதினார்கள். கொன்றவரின் கௌரவத்தை நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பலர் கேட்டதன் பின்பு 'ஆணவக்கொலை' வந்தது, இன்று அதுவே நிலைத்துவிட்டது. அந்த விழிப்பு மருத்துவமனைக் கட்டிலருகே மட்டும் ஏன் வரவில்லை?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு ஜெர்மனியின் வரலாறே சான்று. 1939 செப்டம்பர் 1 என்று நாளிட்டு ஹிட்லர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தில், குணமாக்க முடியாதவர் எனக் கருதப்படும் நோயாளிகளுக்கு வழங்கலாம் என்று சொல்லப்பட்டதும் 'கருணை மரணம்'தான். அந்தச் சொல்லின் மறைவில், மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1941 ஆகஸ்டு மாதத்துக்குள் கொல்லப்பட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மறையுரை மேடையில் நின்று மியூன்ஸ்டர் ஆயர் கிளமென்ஸ் வான் காலன் இதைக் கொலை என்றே பெயர் சொல்லிக் கண்டித்தார். திருவிவிலியத்திலும் இதற்கு ஒரு முன்நிகழ்ச்சி உண்டு. போரில் குற்றுயிராய்க் கிடந்த இஸ்ரயேல் அரசர் சவுல் தாமே வேண்டிக்கொண்டதால் அவரைக் கொன்றதாக, அமலேக்கு இனத்தவன் ஒருவன் தாவீதிடம் வந்து சொல்கிறான். தாவீது அதை இரக்கச் செயல் என்று ஏற்கவில்லை.

இனி, மேற்சொன்ன மகனின் கேள்விக்கு வருகிறேன். 2018 மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தமிழ்த் தலைப்புச் செய்திகள் 'கருணைக்கொலைக்கு அனுமதி' என்றன. உள்ளே படித்தால், மீளமுடியாத நோயாளிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தவோ தொடங்காமல் விடவோ மட்டுமே அனுமதி. மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது முன்போலவே குற்றம். நீதிமன்றமே 'செயலற்ற யூத்தனேசியா' என்ற தொடரை ஆண்டது என்பது உண்மை. ஆனால் அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வெளியிட்ட சொல்விளக்கம் அத்தொடர் வழக்கொழிந்தது, தவிர்க்கப்பட வேண்டியது என்று சொல்லிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ 'செயலற்ற கருணைக்கொலை' என்று அதற்கொரு தமிழ் வடிவம் செய்து நிலைப்படுத்திவிட்டார்கள். செயலே இல்லாத கொலை எது என்று ஒரு நொடி நின்று கேட்டிருந்தால் அந்தத் தொடர் அச்சேறியிருக்காது.

கத்தோலிக்கத் திருச்சபை இதைச் செயல், செயலின்மை என்று பிரிப்பதே இல்லை. மயக்க மருத்துவர்களிடம் 1957 நவம்பரில் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இயல்பான வழிகளை மேற்கொள்ளும் கடமை உண்டு, அளவுக்கு மீறிய வழிகளை மேற்கொண்டே தீரவேண்டும் என்ற கடமை இல்லை என்றார். துன்பத்தை நீக்குவதற்காக, தன்னிலேயோ நோக்கத்திலேயோ சாவை விளைவிக்கும் செயலும், அவ்வாறே சாவை விளைவிக்கும்படி ஒன்றைச் செய்யாமல் விடுதலும் யூத்தனேசியாவே என்று 1980ஆம் ஆண்டு வத்திக்கான் அறிக்கை வரையறுத்தது. ஆகவே சாகவேண்டும் என்றே நோயாளிக்கு உணவும் நீரும் கொடுக்காமல் விடுவதும் இதில் அடங்கும்; பயன் தராத பெருஞ்சுமையான சிகிச்சையை நிறுத்தி, வந்துவிட்ட சாவை ஏற்பது அடங்காது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் இறுதி நாள்களில் மீண்டும் மருத்துவமனைக்குப் போகாமல் தம் இல்லத்திலேயே இருந்து 2005 ஏப்ரல் 2ஆம் நாள் இறந்தார். அதை எவரும் கொலை என்று சொன்னதில்லை.

'கருணைக்கொலை' வேண்டாம் என்பவர்கள் சிலர், கிரேக்க மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'நல்மரணம்' என்றும் 'நல்லிறப்பு' என்றும் எழுதுகிறார்கள். இதைத்தான் நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். நல்ல மரணம் என்பது நம் செபங்களில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல். இயேசுவின் வளர்ப்புத் தந்தை புனித சூசையப்பரை நல்மரணத்தின் பாதுகாவலர் என்று அழைக்கிறோம். இயேசுவும் மரியாவும் அருகிருக்க அவர் இறந்தார் என்னும் மரபே அதற்குக் காரணம். "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று மரியாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை செபத்தில் நாளும் கேட்பதும் அதைத்தான். பாவங்களை அறிக்கையிட்டு ஒப்புரவாகி, நோயுற்றோருக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் பெற்று, வழியுணவாக நற்கருணை உண்டு, பிள்ளைகள் சூழக் கண்மூடுவதற்கு எங்கள் பாட்டிமார் வைத்த பெயரை எடுத்து, ஊசி போட்டு உயிரை முடிப்பதற்குச் சூட்டுவது சொற்பொருத்தம் ஆகாது. மூலத்துக்கு நெருக்கம் என்ற வாதமும் செல்லாது. மூலச்சொல்லே தன் பழைய பொருளை விட்டு விலகிவிட்ட பிறகு அதன் உறுப்புகளைப் பெயர்த்து வைப்பதால் இன்றைய பொருள் வராது. மேலும் 'கருணைக்கொலை' என்பதில் கொலை என்ற உண்மையாவது எஞ்சியிருந்தது. இதில் அதுவும் போய்விட்டது. முதுமையில் கிடையாய்க் கிடப்பவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவைக்கும் வழக்கம் விருதுநகர்ப் பகுதியிலிருந்து செய்தியானபோது, அதன் பெயர் 'தலைக்கூத்தல்' என்று அறிந்தோம். தலைக்கு ஊற்றுவது என்ற வீட்டுச்சொல் உள்ளே நடப்பதை எப்படி மூடிவிடுகிறதோ, அப்படித்தான் 'நல்மரணம்' என்ற மெருகேறிய சொல்லும் மூடும்.

நான் வைக்கும் சொல் 'இறப்பூட்டல்'. நஞ்சூட்டல், அச்சமூட்டல் என்பவற்றின் வழியில் அமைந்த இது, ஒருவர் மற்றொருவருக்குச் சாவை விளைவிக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறது. செய்தவரின் உள்ளத்தில் கருணை இருந்ததா, களைப்பு இருந்ததா, சொத்து இருந்ததா என்பதைப் பற்றி அது தீர்ப்பு எழுதுவதில்லை. கொலை என்ற சொல்லை நானும் விட்டுவிட்டேனே என்று கேட்கலாம். இது அறநூலும் சட்டநூலும் மருத்துவநூலும் பொதுவில் ஆளவேண்டிய சொல். இறப்பூட்டல் கொலையே என்பதை எங்கள் மறைக்கல்வி தனி வாக்கியமாகத் தெளிவாகச் சொல்லட்டும். மற்றதற்குச் 'சிகிச்சை நிறுத்தம்' என்ற எளிய சொல்லே போதும். விளக்கம் வேண்டுமானால் 'மிகைச்சிகிச்சை நிறுத்தம்' எனலாம். 'சிகிச்சையைக் கைவிடல்' என்று எழுதவேண்டாம், நோயாளியையே கைவிட்டதுபோல் தொனிக்கும். நோயுற்றவர் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்னதாக எழுதிவைப்பதை 'வாழும் உயில்' என்று மொழிபெயர்க்கிறார்கள். சொத்து எதையும் பங்கிடாத, எழுதியவர் உயிரோடிருக்கும்போதே நடைமுறைக்கு வரும் ஒன்றை உயில் என்பதால் வரும் குழப்பம் சிறிதன்று. 'மருத்துவ முன்விருப்பம்' என்றால் யாருக்கும் புரியும்.

பொருள் மாறினால் பெயரை மாற்றத் திருச்சபைக்குத் தயக்கம் இருந்ததில்லை. முன்னே 'அவஸ்தைபூசுதல்' என்ற பெயர் இருந்தவரை, சாமியாரை அழைத்தாலே நோயாளி பயந்துவிடுவார் என்று குடும்பங்கள் கடைசி மூச்சுவரை காத்திருந்தன. ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அது 'நோயில்பூசுதல்' ஆனது. இன்று அறுவை சிகிச்சைக்கு முந்திய நாளே அதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மகனிடம் அன்று நான் கேட்டவை இரண்டே கேள்விகள். கருவியை எடுத்த பிறகும் அம்மாவுக்குச் சுவாசம் தொடர்ந்திருந்தால் நீங்கள் வருந்தியிருப்பீர்களா, மகிழ்ந்திருப்பீர்களா என்று கேட்டேன். "சந்தோஷப்பட்டிருப்போம்" என்றார். அப்படியானால் நீங்கள் நிறுத்தியது எதை என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்து, "மெஷினை" என்றார்.